பன்னிரண்டு இலக்கம்

தபால்காரர் அருமைநாயகம் அன்றைக்கு மணியடிக்காமல் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்தார். அதைப் பார்த்ததுமே உலகம்மாளுக்குப் புரிந்துவிட்டது. மலேசியாவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஆனால் நல்ல சேதி இல்லை. உறையைக் கையில் எடுத்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

"மெலிசா இருக்கு டீச்சரு. தாள் ஒண்ணுதான். நல்ல சேதின்னா கனமால்லா இருக்கும்?"

பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்த ஆயா ஹமீது பீவி திரும்பிப் பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, கடுதாசிய எடை போட்டுத்தான் குடுப்பியளோ? போஸ்டாபீசா, பலசரக்குக் கடையா?"

"நீ சும்மா இரு பீவி. இருவத்தாறு வருசமா கடுதாசி சொமக்கேன். எனக்குத் தெரியாதா?"

உலகம்மாள் உறையைப் பிரித்தாள். தாள் ஒன்றுதான் இருந்தது.

'அன்புத் தங்கை உலகுவுக்கு, அண்ணன் மகேஸ்வரன் எழுதுவது. பதிவு அலுவலகத்தில் இரண்டாவது முறையும் தேடிவிட்டார்கள். ஐம்பத்தெட்டாம் வருடப் பெயர்ப் பட்டியலில் உலகம்மாள் என்று ஒரு பெண் குழந்தையும் இல்லை. அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். புதிதாக ஏதாவது விவரம் கொண்டுவந்தால் இன்னும் ஒரு முறை பார்ப்பார்களாம். வருடக் கடைசிக்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் மனுவை மூடிவிடுவார்கள். நான் நன்றாக இருக்கிறேன். கட்டைக்கால் பழகிவிட்டது. நீ கவலைப்படாதே.'

கவலைப்படாதே என்று எழுதியிருந்த இடத்தில் மை கொஞ்சம் இழுபட்டிருந்தது. அவள் தாளை மடித்துப் பலகைகள் அடுக்கியிருந்த அலமாரிக்குள் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு அடுத்த பாட்டைச் சொல்லிக்கொடுக்கப் போனாள்.

உலகம்மாள் பிறந்தது மலேசியாவில், பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். அப்பா சிதம்பரநாத பிள்ளை அங்கே கணக்கு எழுதும் கிராணி. அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் அவள் பிறந்தாள். ஆறு வயதில் அம்மா சொர்ணாம்பாளோடு சேரன்மகாதேவிக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை. முதலில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. பிறகு அங்கே அப்பா காலமாகிவிட்டார். அம்மா போய்ப் பதினேழு வருடங்கள் ஆகின்றன. ஆலையில் வேலை பார்த்த கணவரும் ஐந்து வருடங்களுக்கு முன்னால் போய்விட்டார். பிள்ளை இல்லை. இப்போது முப்பத்தேழு வயதில், ஹரிஹரசுப்பிரமணியன் சார் தன் வீட்டு முன்கூடத்தில் நடத்தும் பாலர் பள்ளியில் அவள் டீச்சர். பள்ளிக்குப் பின்னாலேயே ஒற்றை அறையில் குடியிருக்கிறாள்.

உடன்பிறந்தவன் மகேஸ்வரன் ஒருவன்தான். அப்பாவோடு அங்கேயே தங்கிவிட்டவன். தைப்பிங் ஊரில் சிறு கடை வைத்திருக்கிறான். மனைவி போன மறு வருடம், சர்க்கரை வியாதிக்கு ஒரு கால் முட்டிக்குக் கீழே போயிற்று. 'நீ இங்கே பிறந்தவள். உனக்கு இங்கே வாழ உரிமை இருக்கிறது. வா. இருக்கிற நாளை அண்ணனும் தங்கையுமாகக் கழிப்போம். இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் பாலர் வகுப்புக்கு ஆள் தேடுகிறார்கள்' என்று அவன் எழுதியபோது, அந்தக் கடிதத்தை அவள் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த நாட்டில் வாழ வேண்டுமென்றால் அரசாங்கம் தரும் அடையாள எண் வேண்டும். பன்னிரண்டு இலக்கம். அந்த எண் இருந்தால் வேலை பார்க்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆயுசு முழுக்க இருக்கலாம். இல்லாவிட்டால் சுற்றிப் பார்க்க வந்தவள் மாதிரி சில வாரங்கள் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எண் கிடைக்கப் பிறப்புப் பதிவு வேண்டும். அந்தப் பதிவில்தான் அவள் இல்லை.

"நீ பொறக்கவே இல்லன்னு சொல்லுதானுவளோ?" மாலையில் பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டு வந்த பீவி கேட்டாள். "அப்ப எனக்கு முன்னால நிக்கது யாரு, பேயா?"

"பதியலன்னு சொல்லுதாவ பீவியக்கா. பொறக்கலன்னு சொல்லல."

பீவி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "எங்க பத்தமடைக்காரன் ஒருத்தன் சொன்னான். களக்காட்டுல ஒரு ஆளு இருக்கானாம். ஒனக்கு எந்த ஊர்ல பொறந்த சர்ட்டிபிகேட்டு வேணும்னாலும் சீலு குத்திக் குடுப்பானாம். அவன் குடுத்த காகிதத்துல நாலு பேரு போயிருக்காவ."

"நான் பொறந்தது நெசம். நெசத்துக்கு எதுக்குக்கா பொய்க் காகிதம்?"

"நெசக் காகிதம் கெடைக்கலல்லா?"

"கெடைக்கும்."

"எப்படி?"

உலகம்மாள் கையைக் கூப்பினாள். "அம்மன் பாத்துக்கிடுவா" என்றாள். "அல்லா ஒன் நாக்குல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பீவி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அதன்பிறகு ஒரு மாதம் உலகம்மாள் தேடாத இடமில்லை. ஜாதகம் இருந்தது. விளம்பி வருடம், புரட்டாசி மாதம் இருபதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணி. ஹரிஹரசுப்பிரமணியன் சார் பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்து, அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு அக்டோபர் ஆறு என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தேதியைத்தான் மனுவிலும் போட்டிருந்தார்கள். அவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழில் ஜூன் ஒன்று என்று இருக்கும். அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்த நாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேதி சரிதான். ஆனாலும் பெயர் இல்லை.

புரட்டாசி பிறந்தது. நவராத்திரி வந்தது. விஜயதசமியன்று காலையில் பாலர் பள்ளியில் கூட்டம் நெரிந்தது. புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற நாள். கூடத்தில் தாம்பாளம் நிறையப் பச்சரிசி பரப்பியிருந்தது. ஹரிஹரசுப்பிரமணியன் சார் ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைப்பார். பக்கத்து மேசையில் உலகம்மாள் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதுவாள். பீவி பொரிகடலை கொடுப்பாள். அழுகிற பிள்ளைக்கு இரண்டு கை கூடக் கிடைக்கும்.

பதினொரு மணிக்கு மேல் வேணி என்ற பெண்ணின் முறை வந்தது. இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். புதுச் சேலை. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை, கண் நிறைய மையோடு.

"பிள்ளை பேரு?" என்றாள் உலகம்மாள்.

வேணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரு என்னம்மா?"

"பாப்பா."

"அது வீட்டுல கூப்பிடுதது. வச்ச பேரு?"

உலகம்மாள் குழந்தையிடம் கேட்டாள். குழந்தையும் தெளிவாக, "பாப்பா" என்றது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பேரு வைக்க மறந்துட்டாவ போல."

"தொட்டில்ல போட்டதோட சரி."

"ஏட்டி, வாயத் தொறந்து சொல்லு. எங்களுக்கு ஆக்கிப் போடுத சோலி கெடக்கு."

ஹரிஹரசுப்பிரமணியன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கோபக்காரர் அல்ல. ஆனால் நல்ல நேரம் தவறினால் பதறிப்போவார். "பதினொன்றரைக்கு நேரம் முடியறது. பேர் தெரியாத குழந்தைக்கு நான் என்னன்னு எழுதறது? அடுத்தவா வரட்டும். இவ அப்புறம் யாரையாவது கூட்டிண்டு வரட்டும்."

வேணி நகர்ந்தாள். முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் உலகம்மாளும் அடுத்த பிள்ளையின் பெயரைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தப்பும் இல்லை. வரிசை நீளமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். வேணியின் கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பானை இருந்த மூலைக்குக் கூட்டிப்போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு காதருகே, "மாமியா பேரா?" என்றாள்.

வேணியின் கண்ணில் நீர் தளும்பியது. தலையை ஆட்டினாள். "அவுக பம்பாய்ல இருக்காவ. அத்தைக்கு மேலுக்குச் சுகமில்ல. எங்கூட வர ஆளில்லக்கா. நான் எப்படி எங்க அத்தை பேரச் சொல்லுவேன்?"

"நீ சொல்லாண்டாம். சாடையாச் சொல்லு, போதும்."

வேணி யோசித்தாள். முகம் மெல்லத் தெளிந்தது. "நம்ம டவுன்ல, நெல்லையப்பரு பக்கத்துல கோயில் கொண்டிருக்காளே. ஐப்பசியில தவசுக்குப் போவாளே, அவ."

"காந்திமதி!"

வேணி வெட்கத்தோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உலகம்மாள் சிரித்துக்கொண்டே மேசைக்கு வந்து உட்கார்ந்து, பதிவேட்டில் 'காந்திமதி' என்று எழுதினாள். எழுதி முடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

அவளுடைய பெயரும் அப்பாவைப் பெற்றவளின் பெயர்தான். மூத்த பெண்ணுக்கு அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அப்பா வைத்தார். ஊர் முழுக்க உலகம்மாள் என்று கூப்பிட்டது. அண்ணன் உலகு என்றான். ஆனால் அம்மா? அம்மா சாகும்வரை ஒரு தடவைகூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏளா' என்பாள், 'பிள்ளே' என்பாள், 'எங்கண்ணு' என்பாள். மாமியார் பெயரை அவள் வாய் உச்சரிக்காது.

அப்படியானால், தோட்டத்து ஆஸ்பத்திரியில் குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டபோது யார் சொன்னது?

அப்பா அன்றைக்கு அங்கே இல்லை. அது வீட்டில் ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்த கதை. 'நீ பொறந்தப்ப ஒங்கப்பா தொரையோட பினாங்குக்குப் போயிட்டாவ. நாலு நாள் கழிச்சு வந்துதான் ஒன் மொகத்தப் பாத்தாவ.' அப்பா இல்லை. அம்மா மட்டும்தான் இருந்தாள். மூத்தவனுக்கு ஐந்து வயது. இருபது வயசுப் பெண், பிள்ளை பெற்ற உடம்போடு, தெரியாத ஆட்களுக்கு முன்னால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு.

"உலகம்மா! ரெஜிஸ்டர்!" என்றார் சார்.

"இதோ சார்."

காந்திமதி அரிசியில் 'அ' எழுதினாள். உலகம்மாள் மீதிப் பதினான்கு பெயர்களையும் எழுதினாள். ஆனால் அவள் மனம் பாபநாசத்தில் இருந்தது. ஒவ்வோர் ஆடியிலும் அம்மா அவளை அங்கே கூட்டிக்கொண்டு போவாள். ஆற்றில் குளித்து, ஈரத்தலையோடு அம்மன் முன்னால் நிற்பாள். அந்தக் கோயில் அம்மனுக்கும் உலகம்மை என்றுதான் பெயர். அம்மனாகவே இருந்தாலும் மாமியார் பெயர் மாமியார் பெயர்தானே? சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் 'உலகம்மா, தாயே' என்று கூப்பிடும்போது அம்மா மட்டும் கையைக் கூப்பிக்கொண்டு, "பாபநாசத்தா, எம்பிள்ளைக்கு நீதான் தொணை" என்பாள். சாமி பேரை ஏன் சொல்லமாட்டேன் என்கிறாய் என்று ஒரு தடவை கேட்டதற்கு, சேலைத் தலைப்பால் மகளின் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

கூட்டம் கலைந்ததும் உலகம்மாள் சாரிடம் போய் நின்றாள்.

"சார், இன்னொரு மனு எழுதணும். உலகம்மாள்னு தேட வேண்டாம். பாபநாசம்னு தேடச் சொல்லணும்."

ஹரிஹரசுப்பிரமணியன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாபநாசமா? பெண் குழந்தைக்கு ஊர் பேரை யாராவது வைப்பாளா?"

"எங்க அம்மா வச்சிருப்பா சார். எம் பேரச் சொல்ல முடியாம, அம்மன் பேரச் சொல்ல முடியாம, அம்மன் இருக்க ஊரச் சொல்லியிருப்பா."

"சொல்லியிருப்பான்னு நீங்க நினைக்கறேள். நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"இது கடைசி தடவை, ஞாபகம் இருக்கில்லையா? தப்பாப் போச்சுன்னா மனுவை மூடிடுவா. கொஞ்சம் பொறுத்து வேற ஏதாவது தஸ்தாவேஜு கிடைக்கறதான்னு பார்க்கலாமே."

"காலைல அந்தப் பிள்ளை நின்ன மாதிரிதான சார் எங்கம்மாவும் நின்னிருப்பா? அந்தப் பிள்ளை சாடையாச் சொன்ன மாதிரித்தான் அவளும் சொல்லியிருப்பா."

சார் அவளைப் பார்த்தார். அடுத்தவா வரட்டும் என்று தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். டைப்ரைட்டர் உறையைக் கழற்றினார். அண்ணனுக்கு உலகம்மாள் தனியாக நான்கு பக்கம் எழுதினாள். இரண்டையும் சேர்த்து அருமைநாயகம் கையில் கொடுத்தபோது அவர் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "போறது கனமாப் போவுது. வாரதும் அப்படியே வரட்டும்" என்றார்.

ஐப்பசி முழுக்க மழை. தாமிரபரணி கரையை முட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் ஓடியது. பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. கார்த்திகையிலும் கடிதம் வரவில்லை. அருமைநாயகம் பள்ளி வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை வேகமாக மிதித்துப் போனார். தன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கொண்டுவர முடியவில்லையே என்று அவருக்கு வெட்கம். மார்கழி பிறந்தது. வருடக் கடைசிக்கு இன்னும் பத்து நாள்.

அன்றைக்குத் தெருமுனையிலேயே மணி கேட்டது. நிறுத்தாமல், விடாமல், தீயணைப்பு வண்டி மாதிரி அடித்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு ஓடினார்கள்.

"டீச்சரு! கனமா இருக்கு! நல்ல கனமா இருக்கு டீச்சரு!"

"பைய வாரும் அண்ணாச்சி, விழுந்து வைக்காதேயும்!" என்று கத்தினாள் பீவி. அவரோ சைக்கிளை நிறுத்தாமலே குதித்துவிட்டார். சைக்கிள் தானாகப் போய் வேப்பமரத்தில் முட்டி நின்றது.

உறைக்குள் முத்திரையிட்ட ஒரு நகல் இருந்தது. அதை ஹரிஹரசுப்பிரமணியன் சார் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். குழந்தையின் பெயர்: பாபநாசம். பெண். அக்டோபர் ஆறு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. தாய் சொர்ணாம்பாள். தந்தை சிதம்பரநாதன், தோட்டத்துக் கிராணி. கடைசியில் இருந்த குறிப்புக் கட்டத்தில், தோட்டத்து மருந்தாளர் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார். 'தந்தை ஊரில் இல்லை. தாய் தன் வாயால் சொன்ன பெயர் இது.'

சார் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார்.

அண்ணன் கடிதம் ஆறு பக்கம். 'உலகு, உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பெண். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலியாக அல்ல. தன் தாயும் தகப்பனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாளாம். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. மூன்று மணிக்கு வாருங்கள் என்றாள். நான் கட்டைக்காலோடு எழுந்ததைப் பார்த்தவள், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகாமல் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கை தட்டும் சத்தம் கேட்டது. அவள்தான் தட்டினாள். முழுப் பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினாள். நம் அம்மா பெயரை அதில் பார்த்தேன். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.'

பெயர் சொல்லாத தாயின் குழந்தையை வெறுமனே 'பெண் குழந்தை' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அப்படி எத்தனையோ பேரை எழுதியும் இருப்பார்கள். அந்த மருந்தாளர் அப்படிச் செய்யவில்லை. பத்து நிமிடமோ, அரை மணி நேரமோ, அந்தப் பெண் வாய் திறக்கும்வரை நின்றிருக்கிறார். அவர் பெயர் என்ன, எந்த ஊர், என்ன மதம், ஒன்றும் தெரியாது. அன்று மாலை விளக்கேற்றும்போது உலகம்மாள் அவருக்காக ஒரு திரி கூடப் போட்டு ஏற்றினாள். அதன்பிறகு ஒரு நாளும் அந்தத் திரியைக் குறைக்கவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அங்கே பாபநாசம், இங்கே உலகம்மாள். இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பத்திரம் வேண்டும். சார் அவளோடு அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினார். ஜாதகத்தையும் பதிவு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த வக்கீல், விளம்பி வருடத்துத் திங்கட்கிழமையும் ஐம்பத்தெட்டாம் வருடத்துத் திங்கட்கிழமையும் ஒன்றாக இருந்ததைக் கண்டு தலையாட்டினார். "பேரு ஏன் மாறிச்சுன்னு காரணம் எழுதணுமே. என்னன்னு எழுத?" என்றார்.

"மாமியார் பேரைச் சொல்ல மாட்டான்னு எழுதுங்கோ" என்றார் சார்.

வக்கீல் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க வீட்லயும் அதே கததான் சார். எம் மகளுக்கு எங்கம்மா பேரு. பெத்தவ இன்னைக்கு வரைக்கும் 'இந்தா'ன்னுதான் கூப்பிடுதா." அவர் பத்திரத்தை வரிவரியாகத் தானே சொல்லி, டைப் அடிக்க வைத்துக் கொடுத்தார். அதன்பிறகு சார் துணையோடு உலகம்மாள் சென்னைக்கு ஒரு தடவை போய், தூதரக அலுவலகத்தில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

பங்குனி மாதத்தில் மறுபடியும் மணிச்சத்தம். இந்த முறை அருமைநாயகத்தின் முகம் குழம்பியிருந்தது. "மெலிசாத்தான் இருக்கு. ஆனா எனக்கென்னவோ நல்லதாப் படுது டீச்சரு."

"ஒம்ம தராசு கெட்டுப்போச்சுன்னு சொல்லும்" என்றாள் பீவி.

ஒரே தாள். 'உலகு, உனக்கு எண் விழுந்துவிட்டது. அட்டையை நீ நேரில் வந்து கைரேகை வைத்துத்தான் வாங்க வேண்டும். பயணக் காகிதம் சென்னையில் தயாராக இருக்கிறது. இதுதான் உன் எண்.' கீழே பன்னிரண்டு இலக்கங்களைத் தனித்தனியாக, பெரிது பெரிதாக எழுதியிருந்தான்.

ஐந்து, எட்டு, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், ஆறு என்று அது ஆரம்பித்தது. உலகம்மாள் விரல் வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. பத்தாம் மாதம். ஆறாம் தேதி. அவளைப் பெற்ற நாளிலிருந்தே எண் தொடங்கியது. யாரோ ஒரு வாத்தியார் போட்ட ஜூன் ஒன்று இல்லை. அம்மா நொந்து பெற்ற அதே திங்கட்கிழமை. அதற்கு அடுத்த இரண்டும் பிறந்த மாநிலத்துக்கான எண் என்று அண்ணன் எழுதியிருந்தான்.

அவள் அழுவாள் என்று பீவி தலைப்பைத் தயாராக வைத்திருந்தாள். அவளோ கரும்பலகையைத் துடைத்தாள். பன்னிரண்டு இலக்கங்களையும் எழுதினாள். பிரம்பை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"சொல்லுங்க பாப்போம். அஞ்சு!"

"அஞ்சு!" என்றார்கள் முப்பது பிள்ளைகளும்.

"எட்டு!"

"எட்டு!"

அது என்ன எண் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. டீச்சர் சிரிக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அது போதுமே, கூரை அதிரக் கத்தினார்கள். ஹரிஹரசுப்பிரமணியன் சார் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்று, அவரும் கூடச் சேர்ந்து சொன்னார். அருமைநாயகம் தபால் பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு மணி அடித்தார். அன்றைக்கு அந்தத் தெருவில் தபால் ஒரு மணி நேரம் தாமதம். அதன்பிறகு தினமும் காலையில் அந்த எண்ணைச் சொல்லித்தான் பிள்ளைகள் பாட்டை ஆரம்பித்தார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் உலகம்மாள் பாபநாசத்துக்குப் போனாள். ஆற்றில் முங்கி எழுந்து அம்மன் முன்னால் நின்றாள். சிறு வயதிலிருந்தே 'உலகம்மா, தாயே' என்றுதான் கும்பிட்டுப் பழக்கம். அன்றைக்கு ஒரு தடவை மட்டும் அம்மா கூப்பிட்ட மாதிரி, "பாபநாசத்தா" என்று கூப்பிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை.

சித்திரையில், சேரன்மகாதேவி ஸ்டேஷனில் காலை வண்டிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். சார் முறுக்குப் பொட்டலம் கொடுத்தார். பீவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அங்கன ஒன்ன என்ன பேரச் சொல்லிக் கூப்பிடுவாவ?"

"அட்டையில பாபநாசம்னுதான் இருக்கும்."

"அப்ப சரி. ஊரையே சுருட்டி எடுத்துட்டுப் போற. நீ எங்கன எங்கள விட்டுட்டுப் போற?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். பாதிச் சிரிப்பில் மூக்கை உறிஞ்சினாள்.

வண்டி நகர்ந்தது. அப்போதுதான் வேணி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பஸ் தாமதமாம். நடைமேடையில் வண்டியோடு கூடவே ஓடினாள். "டீச்சருக்குச் சொல்லு பாப்பா, சொல்லு!" என்றாள்.

காந்திமதி தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். "அஞ்சு! எட்டு! ஒண்ணு! பூச்சியம்! பூச்சியம்! ஆறு!" ஒன்றும் விடவில்லை. பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் மட்டும் மூச்சு வாங்கி, "ஆறு!" என்றாள்.

உலகம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கையைக் குவித்து, வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"ஆறு இல்லட்டி காந்திமதி! நாலு! கடைசி நாலு!"

"நாலு!" என்றது குழந்தை.